வேண்டாம் அட்டை

ஜெராக்ஸ் கடைக்காரியைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. மளிகைக் கடைக்காரரைப் பகைத்தால் அடுத்த தெருவில் போய் வாங்கிக்கொள்ளலாம். என்னைப் பகைத்தால் உங்கள் முகமே என் கையில் இருக்கும். அடையாள அட்டை, மார்க் ஷீட், வேலைக்கு எழுதும் விண்ணப்பம், செத்தவரைச் சுவரில் மாட்டுவதற்குப் பெரிதாக்கும் படம், எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அந்த மேடத்துக்கு இது தெரியவில்லை. நிறையப் படித்தவள்தான், இருந்தும் தெரியவில்லை.

மேடம் என்றால் என் தம்பி போய்வரும் பகல்நேர மையத்தின் தலைவி. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகளிலிருந்து தலை நரைத்தவர்கள் வரை, காலையில் வேனில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் இடம் அது. தம்பி நாற்பதை நெருங்குகிறவன். பேச்சு வராது. காது மட்டும் தேவைக்கு மேலேயே கேட்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் எங்கள் வீட்டில் இவன் காதைப் பொத்துவான். சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு யார் வந்தாலும் எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, வந்தவர் மேல் ஏதோ வழக்கு இருப்பதுபோல உட்கார்ந்திருப்பான். அதனால் அவனுக்கு 'பெரியமனுஷன்' என்று பேர். அம்மா கோபம் வந்தால்கூட "டேய் பெரியமனுஷா" என்றுதான் திட்டுவாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் தம்பிக்கு வாய் என்பது ஒரு வளையத்தில் கோத்த அட்டைகள். பல வருஷங்களுக்கு முன்னால் பேச்சுப் பயிற்சி டீச்சர் ஒருத்தி வீட்டுக்கு வந்து அதைப் பழக்கினாள். உள்ளங்கை அளவு அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு படம்: தண்ணீர், பசி, பாத்ரூம், வலி, வெளியே போகலாம், இன்னும் கொஞ்சம். எல்லாம் நான் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, முனை கையைக் கிழிக்காமல் வளைத்து வெட்டி, ஓட்டை போட்டுக் கோத்தவை. அவன் இடுப்புப் பட்டையில் சாவிக்கொத்து மாதிரி தொங்கும். கடைசி அட்டை சிவப்பு. நிமிர்த்திய உள்ளங்கைப் படம். அதற்கு அர்த்தம் வேண்டாம்.

"இந்தக் கார்டுதான் எல்லாத்துலயும் முக்கியம்" என்றாள் டீச்சர். "தண்ணி கார்டு காட்டி தண்ணி வர லேட்டானாகூட பொறுத்துக்குவாரு. இதைக் காட்டி நடக்கலேன்னா அப்புறம் எந்தக் கார்டையும் நம்பமாட்டாரு. அதனால காட்டின உடனே மூணு காரியம். கையை எடுக்கணும். ஒரு அடி பின்னால போகணும். 'சரி'ன்னு சொல்லணும். ஏன் எதுக்குங்கற கேள்வியெல்லாம் அப்புறம். யாரா இருந்தாலும் இதேதான்."

"நான் பெத்தவ, நானுமா?" என்றாள் அம்மா.

"நீங்கதாம்மா முதல்ல."

அட்டை வருவதற்கு முன்னால் அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது. வலது கையில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைக் கடிப்பான். ரத்தம் வரும்வரை கடிப்பான். அந்த இடம் தடித்துக் கறுத்து, செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. அட்டை வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடிப்பது நின்றது. தோல் இளகியது. அம்மா ராத்திரி எண்ணெய் தடவும்போது அந்த இடத்தைக் காட்டி, "பாருடி, குழந்தை கை மாதிரி ஆயிடுச்சு" என்பாள்.

வேடிக்கையும் நடந்தது. எங்கள் சித்தப்பா ஒருவர், வரும்போதெல்லாம் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து "எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று ஆரம்பிப்பார். ஒருநாள் பெரியமனுஷன் எழுந்துபோய் அவர் மூக்குக்கு நேராகச் சிவப்பு அட்டையை நீட்டினான். நான் விடவில்லை. "சித்தப்பா, ஒரு அடி பின்னால போங்க, சரின்னு சொல்லுங்க, இது டாக்டர் உத்தரவு" என்றேன். டாக்டர் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சித்தப்பா பின்னால் போய், செருப்பு ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு, "சரி" என்றார். அதற்கப்புறம் அவர் வரவு குறைந்தது. அந்த டீச்சருக்குக் கோயிலே கட்டலாம்.

இந்த வருஷம் ஒருநாள் மையத்திலிருந்து வந்தவனின் வளையத்தில் சிவப்பு அட்டை இல்லை. எங்கோ விழுந்துவிட்டது என்று புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். அதுவும் காணாமல் போனது. வளையம் தொளதொளவென்று இருக்கிறதோ என்று இறுக்கமான வளையம் மாற்றினேன். மறுபடியும் காணோம். மற்ற அட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்று ராத்திரி எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்த அம்மா சத்தமே இல்லாமல் என்னைக் கையாட்டிக் கூப்பிட்டாள். அந்த இடத்தில் பல் பதிந்திருந்தது. பழைய காயம் இல்லை, புதுசு.

மறுநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு, புது அட்டையோடு மையத்துக்குப் போனேன். வாசலிலேயே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. ஆண்டு விழாவுக்கு ஒத்திகை. கூடத்தின் நடுவில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். அதற்குப் பக்கத்திலேயே வரிசையில் என் தம்பி. உதவியாளர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, பாட்டுக்கு ஏற்றபடி தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கையை உருவிக்கொண்டு அவன் இடுப்பு வளையத்தைத் தேடினான். அட்டைகளைப் புரட்டினான். தண்ணீர், பசி, பாத்ரூம், வலி, திரும்பத் தண்ணீர். தேடிய அட்டை அங்கே இல்லை. கடைசியில் பாத்ரூம் அட்டையைத் தூக்கிக் காட்டினான். அழைத்துப்போய், உடனே திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். அடுத்து வலி அட்டையைக் காட்டினான்.

"எங்க வலிக்குது? ஒண்ணும் வலிக்கல. இவருக்கு இதே வேலை" என்று உதவியாளர் சிரித்தார்.

அதற்கு அப்புறம்தான் அவன் கையைக் கடித்தான். கொஞ்ச நேரம் எனக்குக் கண் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கியது நான்தான் என்பது, எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மேடத்தின் அறை ஏசி போட்டுக் குளுகுளுவென்று இருந்தது. சுவரில் 'எங்களால் முடியும்' என்று ஒரு போஸ்டர். அடித்துக் கொடுத்தவள் நான்தான். இவன் அட்டை எப்படித் தொலைகிறது என்று கேட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன். அவள் மேஜை டிராயரை இழுத்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எல்லாம் சிவப்பு. நான் செய்தது, வேறு யாரோ செய்தது, கையால் வரைந்தது, ஓரத்தில் பல் பதிந்தது.

"தொலையல. நாங்கதான் எடுத்து வச்சிருக்கோம், எல்லார்கிட்டேருந்தும்."

"ஏன் மேடம்?"

"எல்லாத்துக்கும் இதையே காட்டிட்டிருந்தா எப்படி? வேண்டாம், மாட்டேன், முடியாதுங்கற வார்த்தையே இங்க கிடையாது. பாசிட்டிவா ஒரு சூழல் வச்சிருக்கோம். அந்தக் கார்டு எடுத்ததுக்கப்புறம் எவ்வளவு ஒத்துழைக்கறாங்க தெரியுமா?"

"அவன் கையைப் பாத்தீங்களா?"

"அது அவரோட பழைய பழக்கம்னு ஃபைல்லயே இருக்கே." அவள் குரல் உயரவே இல்லை. "உங்க பாசம் எனக்குப் புரியுது. ஆனா அவர் குழந்தை மாதிரி. குழந்தைக்கு எது நல்லதுன்னு நமக்குத்தானே தெரியும்? விழா அன்னைக்கு, அத்தனை பேர் முன்னால மேடையில நின்னு இவர் வேண்டாம்னு காட்டினா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். அந்த யோசனையை எனக்குக் கொடுத்தவள் அவள்தான்.

எழுந்துகொள்ளும்போது கடைசியாக ஒன்று சொன்னாள். "இனிமே வயரை எல்லாம் பிடுங்காதீங்க. பிடிக்கலைன்னா வேற இடம் பாத்துக்கலாம். இந்த இடத்துக்குக் காத்துட்டிருக்கறவங்க நிறைய."

வேறு இடம் கிடையாது. முன்பு இருந்த மையத்தை மூடிவிட்டார்கள். அது மூடியிருந்த மாதங்களில் தம்பி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, அவனைத் தனியாகச் சமாளிக்க முடியாது. நான் கடையை மூடினால் அடுப்பு எரியாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்டி" என்றாள் அம்மா.

"பொறுத்துப் பொறுத்து நாம ஆண்ட பூமி எங்கம்மா இருக்கு? வாடகை வீடுகூட ஓனர் பேர்லதான் இருக்கு."

"அவனை அனுப்பிட்டா என்ன செய்வே?"

எழுந்து அடுப்பைத் துடைக்கப் போனேன். ஆனால் அந்தக் கட்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு வாயை மூடினாலே மன்னிக்க மாட்டேன். அவள் இத்தனை வாயை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள்.

அடுத்த வாரம் மையத்திலிருந்து ஆர்டர் வந்தது. விழாவுக்குக் கழுத்தில் தொங்கவிட பேட்ஜ், பங்கேற்பவர்கள் அத்தனை பேருக்கும், படமும் பேரும் போட்டு, லேமினேஷன் செய்து, கயிற்றோடு. மேடம்தான் அனுப்பியிருந்தாள். வயரைப் பிடுங்கியவளிடமே ஆர்டர் கொடுக்கிறாள். நான் அடங்கிவிட்டேன் என்று அவ்வளவு நம்பிக்கை. 'நல்லபடியாக முடித்துத் தருகிறேன் மேடம்' என்று கும்பிடு போடும் பொம்மையோடு பதில் அனுப்பினேன்.

அன்று சிட்டுவின் அம்மா கடைக்கு வந்தாள். சிட்டு மையத்தில் இருக்கும் பெண், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள், தத்தித் தத்தித்தான் நடப்பாள். அவள் அம்மா தையல் வேலை செய்கிறவள். வந்தவள், "அக்கா, ஒரு வேண்டாம் கார்டு போட்டுக் குடுங்க, இவ தொலைச்சுத் தொலைச்சு வர்றா" என்றாள்.

நான் டிராயரைப் பற்றிச் சொன்னேன்.

அவள் கவுன்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, தொலைச்சிட்டு வர்றாளேன்னு நான் அவளை அடிச்சேன்க்கா. 'எங்க போட்டே, எங்க போட்டே'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். அவ என்னன்னு சொல்லுவா? சொல்றதுக்குத்தானே அந்தக் கார்டு?"

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பேட்ஜ் ஆர்டரைக் காட்டினேன். முன்பக்கம் படமும் பேரும். பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. அதில் என்ன போடப்போகிறேன் என்று சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கயிறு கழுத்தை இறுக்காதே?" என்று மட்டும் கேட்டாள். பிடித்து இழுத்தால் பின்கழுத்தில் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி வைத்த கயிறு இருக்கிறது. அதைத்தான் வாங்கிப் போட்டேன்.

மற்ற அம்மாக்களிடம் விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போலச் சொல்லும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்களிடம் சொன்னாள், வேன் நிற்கும் இடத்தில் சொன்னாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் கொடுத்த மாதிரி பேட்ஜை வைத்து, திருப்பிக் காட்ட வீட்டிலேயே பழக்கினார்கள். என் அம்மாவிடம் மட்டும் நான் சொல்லவில்லை. தாங்கமாட்டாள் என்று நினைத்து, தம்பியை அவள் தூங்கிய பிறகுதான் பழக்கினேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நியாயம் கேட்கப் போனேன் என்று கதை விடமாட்டேன். தம்பிக்கு அட்டை வேண்டும் என்றால் சட்டைப் பைக்குள் ஒன்றை ஒளித்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது போதாது. அந்த ஏசி அறைக் குரல் மேடையில் தடுமாறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். பேட்ஜ் ஒவ்வொன்றும் சூடாக மெஷினைவிட்டு வெளியே வரும்போது அந்த நினைப்பில் எனக்குப் பசியே எடுக்கவில்லை.

விழா அன்று மேடம் பட்டுப்புடவையில் மையத்தின் வாசலில் நின்று பேட்ஜ்களைத் தன் கையாலேயே எல்லோர் கழுத்திலும் மாட்டினாள். முன்பக்கத்தைத்தான் பார்த்தாள். "ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க" என்று என்னைப் பாராட்டவும் செய்தாள். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக்கி விழுங்கினேன்.

சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய அதிகாரி. வயதானவர், கனத்த உடம்பு. மேடையில் பிள்ளைகளும் பெரியவர்களும் வரிசையாக நின்றார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அவர் எல்லோருக்கும் பதக்கம் போடுவதாக ஏற்பாடு. ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. வரிசையில் முதல் ஆள் என் தம்பி. காதைப் பொத்தியிருந்தான். அதிகாரி பதக்கத்தோடு அவன் தலைக்கு மேல் இரண்டு கையையும் கொண்டுபோனார்.

தம்பியின் கை வழக்கம்போல இடுப்புக்குப் போனது. தேடியது. வீட்டில் எத்தனை தடவை பழக்கினாலும் அந்த நேரத்தில் ஞாபகம் வர வேண்டுமே. கை மேலே வந்தது. வாய்க்குத்தான் போகிறது என்று நினைத்தேன். நெஞ்சில் நின்றது. பேட்ஜைத் திருப்பி, பின்பக்கத்துச் சிவப்பு உள்ளங்கையை அதிகாரியின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

அவர் திகைத்தார். கை அந்தரத்தில் நின்றது. மேடம் சிரித்துக்கொண்டே "அது சும்மா விளையாட்டு சார், நீங்க போடுங்க" என்றாள்.

அப்போதுதான் என் பக்கத்து நாற்காலி காலியானதைக் கவனித்தேன். முழங்கால் மடங்காத என் அம்மா, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்ன என் அம்மா, மேடைக்குக் கீழே போய் நின்றுகொண்டிருந்தாள்.

"விளையாட்டில்லீங்க ஐயா. வேண்டாம்னு சொல்றான். அதைக் காட்டினா கையை எடுத்துட்டு ஒரு அடி பின்னால போகணும். சரின்னு சொல்லணும். பெத்த நானே அப்படித்தான் போவேன்."

அந்த மனிதர் அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கையை இறக்கினார். ஒரு அடி பின்னால் போனார். "சரிப்பா" என்றார்.

தம்பி காதிலிருந்து இன்னொரு கையையும் எடுத்தான். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். காட்டினால் நடக்கிறது. சிட்டு தன் பேட்ஜைத் திருப்பி ஸ்பீக்கர்காரனிடம் காட்டினாள். அவன் முழித்தான். அவளுக்குப் பக்கத்தில் இருந்த நரைத்த மனிதர் திருப்பினார். அப்புறம் ஒவ்வொன்றாக, மேடை முழுக்கச் சிவப்பு. பாட்டு நின்றது.

மேடம் வரிசை நெடுகப் போய் பேட்ஜ்களை முன்பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தாள். இவள் இந்தப் பக்கம் திருப்பினால் அவர்கள் அந்தப் பக்கம் திருப்பினார்கள். பார்வையாளர்களில் யாரோ சிரித்தார்கள். அது அவளுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. தம்பியின் பேட்ஜைப் பிடித்து இழுத்தாள். கொக்கி கழன்று, கயிறும் அட்டையும் அவள் கையோடு வந்தன. கையும் களவுமாக என்று கேட்டிருக்கிறேன், அன்றுதான் பார்த்தேன்.

"அதை ஏம்மா பிடுங்கறீங்க?" என்றார் அதிகாரி.

"அது... ஒழுங்குக்காக சார்."

"ஒழுங்குக்காகத்தான் டிராயர்ல பூட்டி வச்சிருக்காங்க சார்" என்று பின்வரிசையிலிருந்து எழுந்தாள் சிட்டுவின் அம்மா. "எங்க பிள்ளைங்க எல்லாரோடதையும். நேர்ல வந்து பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். நிர்வாகக் குழுவில் இருந்தவர்களும் கூடவே போனார்கள். டிராயரைத் திறந்தவள் மேடமேதான். ரப்பர் பேண்டைக் கழற்றும்போது அட்டைகள் சிதறித் தரையில் விழுந்தன. பல் பதிந்த அட்டையை அந்த மனிதர் குனிந்து எடுத்து வெகுநேரம் பார்த்தார். மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி வந்தவள் தம்பியிடம் பேட்ஜை நீட்டினாள். அவன் வாங்கியதும் அவளிடமே அதைக் காட்டினான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு அடி பின்னால் போனாள். "சரி" என்றாள். குரல் கம்மியிருந்தது.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

தம்பியின் இடம் போகவில்லை. அவனை அனுப்ப இனி யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் மேடத்தின் இடமும் போகவில்லை. எச்சரித்து, எல்லோருக்கும் அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அவளையே வைத்துக்கொண்டார்கள். இந்த வேலைக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பழையபடி வயிறு எரிந்தது. அம்மா எண்ணெய் தடவும்போதெல்லாம் அந்தத் தழும்பைப் பார்த்தேன். தோல் இளகிக்கொண்டிருந்தது. எனக்கு இளகவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவளே என் கடைக்கு வந்தாள். மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் தம்பி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடையில் வேறு சிலரும் நின்றார்கள். அவள் எல்லோருக்கும் பின்னால், தன் முறை வரும்வரை நின்றாள்.

"கார்டு வேணும். புதுசா சேர்ந்தவங்களுக்கு" என்றாள்.

"என்ன கார்டு?"

"அந்த... சிவப்புக் கார்டு."

"சிவப்புல பல கார்டு இருக்கு. பேர் சொல்லுங்க."

"வேண்டாம் கார்டு."

"காதுல விழல மேடம். மெஷின் சத்தம்."

"வேண்டாம்" என்றாள் கொஞ்சம் உரக்க. நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சிவந்தது. எனக்குள்ளே ஏதோ இனித்தது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த கட்டு ஒன்றை எடுத்தேன், ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வைத்திருந்தேன். கவுன்டர்மேல் வைத்தேன். அவள் கையை நீட்டியதும் அதன்மேல் என் கையை அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"வேண்டாம்."

"இன்னொரு தடவை."

"தப்புதான். எனக்குத் தெரியுதுங்க" என்றாள். கண் நிரம்பியிருந்தது.

"நான் அதைக் கேக்கலையே. கார்டு பேர்தான் கேட்டேன். இன்னொரு தடவை."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெரியமனுஷன் எழுந்து வந்தான். இடுப்பு வளையத்தில் தேடவில்லை, நேராகச் சிவப்பைத்தான் பிரித்தான். நான் மேடத்தைப் பார்த்து, "உங்களுக்குத்தான். பின்னால போங்க" என்றேன்.

அவன் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அட்டை என் மூக்குக்கு நேராக இருந்தது.

"டேய், உனக்காகத்தான்டா" என்றேன். "உன் கையை நீயே பாரு."

அட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. என் சத்தம் பிடிக்காமல் காட்டினானா, அவள் கண்ணீர் பிடிக்காமல் காட்டினானா, தெரியவில்லை. ஏன் எதற்கு என்ற கேள்வி எல்லாம் அப்புறம். என் வீட்டில் வைத்து எனக்கே சொல்லிக்கொடுத்த பாடம். அவன் வலது கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கம் போகவில்லை, இன்னும் போகவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டின் மேலிருந்து கையை எடுத்தேன். ஒரு அடி பின்னால் போனேன். மெஷினின் சூடு முதுகில் பட்டது.

"சரி" என்றேன்.

அவன் அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு நாற்காலிக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்பிள்ளை முன்னால் நான் பின்வாங்கியது அந்த ஒரே தடவைதான். அவள் அதை முழுக்கப் பார்த்தாள்.